அக்காவின் முகத்துக்கு வாசலின்

வெள்ளிக்கிழமை மதியம் டர்பன் நகரத்திலிருந்து சொந்த ஊருக்கு வந்து இறங்கிய தோலாகெலேயின் கையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் அவளுடைய கறுப்பு உடுப்பு, மற்றொன்றில் செத்துப்போன அக்காவுக்கான மேக்கப் சாமான்கள். பதினெட்டு வருஷமாகப் பெரிய கடையொன்றில் அடுத்தவர் முகத்தை அழகுபடுத்திப் பிழைப்பவள் அவள். ஒரு சண்டைக்குப் பிறகு, அக்கா உயிரோடு இருந்தவரை அவளுக்கு ஒரு போன்கூடப் போட்டதில்லை. சவப்பெட்டியில் கிடக்கும் முகத்தையாவது ஊர் மெச்சும்படி செய்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தாள். மனிதப் புத்தி அப்படித்தான்.

சண்டை ஆறு வருஷத்துக்கு முந்தையது. அக்கா மகள் லிந்தெல்வாவுக்கு இருபத்தொரு வயது நிறைந்த விழா. அன்றைக்குப் பெண்கள் மேலெல்லாம் வாசலின் என்ற மெழுகுக் களிம்பைப் பூசி, வெயிலில் பளபளவென்று ஆடுவது வழக்கம். நகரத்து மிதப்பில் இருந்த தோலாகெலே, விருந்தாளிகள் நடுவே வாயை விட்டாள்.

"எங்கக்கா பொண்ணை எண்ணெய்ச் சட்டியில முக்கி எடுத்திருக்கா பாருங்க. இல்லாதப்பட்டவங்க மேக்கப் இதுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பாஜாபுலிலே மட்டும் சிரிக்கவில்லை. "இதைப் பூசித்தான்டி உன்னை ஆளாக்கினேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அப்புறம் தங்கையோடு பேசவேயில்லை. மன்னிப்புக் கேட்க எவ்வளவு நேரமாகும்? தோலாகெலேவுக்கு ஆறு வருஷம் போதவில்லை. அதற்குள் சர்க்கரை வியாதி முந்திக்கொண்டது.

சவ அடக்கக் கடையின் பின்னறையில் குடும்பத்துப் பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டித் துடைத்து, உடுத்தி முடித்திருந்தார்கள். நாலு மணிக்குப் பெட்டி வீட்டுக்குப் போகவேண்டும். நாளைக் காலை ஊர் வரிசையில் வந்து கடைசியாக முகம் பார்க்கும். லிந்தெல்வா பெரிய வாசலின் டப்பாவைத் திறந்தாள்.

"அதை மூடி வைடி. முகத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் தோலாகெலே.

"அம்மா முகத்துல வாசலின் தவிர வேற எதையும் வெச்சதில்ல, சின்னம்மா."

"நாளைக்கு ஊரே பாக்கப்போவுது. நல்லா இருக்க வேணாமா?"

"ஆறு வருஷமா பாக்காத முகத்தை இன்னிக்கு வந்து நல்லா ஆக்கப் போறீங்களா?"

செத்தவளின் நாத்தனார் நொகுதுலா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இவ எந்திரிச்சு வந்தா உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு குடுப்பா."

தாயின் தங்கையும் தாய்தான். அவள் கையைத் தட்டிவிட லிந்தெல்வாவால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினாள்.

தோலாகெலே தன் தொழில் தெரிந்த மட்டும் செய்தாள். கிரீம் தடவி, அதன்மேல் பவுடர் ஒற்றினாள். குளிரறையிலிருந்து வந்த தோல் எதையும் உள்ளே இழுக்கவில்லை. பூசினதெல்லாம் மேலேயே நின்று, காரை பெயர்ந்த சுவர் மாதிரி திட்டுத்திட்டாய் வெளுத்தது.

"ஐயையோ, சாம்பல் பூத்துப்போச்சே!" என்று நொகுதுலா மார்பில் கைவைத்தாள்.

அந்த ஊரில் இதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. குழந்தை முழங்கால் எண்ணெய் காணாமல் வறண்டு சாம்பல் பூத்திருந்தால் தாயைத் திட்டுவார்கள். பிணத்தின் முகம் பூத்திருந்தால் குடும்பத்தையே காறித் துப்புவார்கள்.

"இது எங்கம்மா இல்ல" என்றாள் லிந்தெல்வா. "நாளைக்குப் பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? பாஜாபுலிலேவுக்கு நாதியில்லேன்னு சொல்லுவாங்க. இதுக்குத்தான் வந்தீங்களா?"

பெட்டியை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் கதவைத் தட்டி, இன்னும் அரைமணிதான் என்றார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள் தோலாகெலே. அது கோடுகோடாய் இழுபட்டு இன்னும் கெட்டது. இதைக் கலைக்க எது வேண்டுமென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்குப் பூச்சைக் கலைக்கும் விலையுயர்ந்த தண்ணீரை விற்றுவிட்டு, வீட்டில் தன் மேக்கப்பைக் கலைக்க அலமாரிக் கோடியில் அவள் ஒளித்து வைத்திருப்பதும் அதுதான்.

"அந்த டப்பாவைக் குடுடி" என்றாள்.

தென்னாப்பிரிக்காவில் ஜூலைதான் குளிர்காலம்; வாசலின் உறைந்து கிடந்தது. ஒரு விரல் எடுத்து நேரே வைத்தாள். கட்டியாக அப்பிக்கொண்டது. அப்புறம்தான் கைக்கு ஞாபகம் வந்தது. அக்கா அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பாள், வாயால் 'ஹா' என்று ஊதிச் சூடாக்குவாள். அந்தக் காலத்தில் அவர்கள் அம்மா வெள்ளைக்காரர் வீட்டிலேயே தங்கி வேலை செய்தாள். மாதம் ஒருமுறைதான் வருவாள். அக்காவுக்குப் பதினாலு வயது, இவளுக்கு ஆறு. பள்ளிக்கூடம் கிளம்புமுன் நெற்றி, கன்னம், காதுமடல், முழங்கால் என்று ஓரிடம் விடாமல் அக்கா தேய்த்துவிடுவாள். கையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைத் தன் கெண்டைக்காலில் துடைத்துக்கொள்வாள். தனக்கென்று அவள் ஒரு விரல் எடுத்து தோலாகெலே பார்த்ததே இல்லை.

தோலாகெலே உள்ளங்கையில் ஊதினாள். உருகிய வாசலினால் வெளுப்பை வழித்தெடுத்துத் துணியில் துடைத்தாள். மறுபடி ஊதி, நெற்றியிலிருந்து கீழே தேய்த்தாள்.

"கண்ணை மூடிக்கோக்கா, எரியும்" என்றாள்.

செத்தவளிடம் பேசுகிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சுடுக்கா. நாலு பேர் உன்னைப் பாத்துச் சிரிக்கும்படி வெச்சேனே" என்று அத்தனை பெண்கள் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். அழுதாலும் கை நிற்கவில்லை. காதுமடல் வரைக்கும் தேய்த்து முடித்தபோது, பழைய பழுப்பு நிறம் மேலே வந்து முகம் மினுங்கியது.

"ஆமா, இவதான்" என்றாள் நொகுதுலா. "இப்ப என் சமையலைக் குத்தம் சொல்வா போலிருக்கு."

லிந்தெல்வா அம்மாவை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சின்னம்மாவைப் பார்த்தாள். கண்ணீரில் மையும் பூச்சும் கரைந்து அந்த முகம் அலங்கோலமாக இருந்தது.

"நாளைக்குப் பெட்டிப் பக்கத்துல துக்கத்துக்கு விரிச்ச மெத்தையில என்னோட உக்காரவேண்டியவங்க நீங்க. இந்த மூஞ்சியோடவா உக்காருவீங்க? இப்படி வாங்க."

அவள் டப்பாவில் விரல் விட்டு எடுத்து, கையில் தேய்த்து ஊதினாள். தோலாகெலேயின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றியிலிருந்து கன்னம்வரை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். வலித்தது. தோலாகெலே அசையாமல் நின்றாள்.