மணலிவிளை ஆபேல்

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட்டு வாங்கும் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். என் பெயர் நேசபாய். கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘கணக்கக்கா’ என்பார்கள். கணக்கில் பிழை வந்தால் மட்டும் முதலாளி ஜெபமணி என் முழுப்பெயரையும் ஞாபகம் வைத்துக்கொண்டு கூப்பிடுவார்.

மாதக் கணக்கை முடிப்பதை நாங்கள் ‘மாசம் அடைக்குது’ என்போம். ஒரு மாதத்தை அடைக்க எனக்கு ஒன்பது நாள் ஆகும். அடுத்த மாதத்தின் முதல் ஒன்பது நாளும் அதிலேயே போய்விடும். வாரத்தில் நாலு நாள் சனங்கள் ஷீட்டைக் கொண்டுவந்து தராசில் போட்டு, எடை எழுதின துண்டை வாங்கிப் போவார்கள். பணத்தைக் கடையிலேயே விட்டுவைத்து மாதக் கடைசியில் வாங்குவார்கள். துண்டில் பெயர் எழுதுகிறவனுக்கு அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் பெயர். ஒரு நாள் ‘கோழிவிளை டைட்டஸ்’, மறுநாள் ‘டைட்டஸ் கோழிவிளை’, அதற்கடுத்த நாள் ‘டைட்டஸ் வாத்தியார்’. மூன்றும் ஒரு மனுஷன். பழைய சாப்ட்வேர் மூன்று பெயருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்துவிட்டு, மாதக் கடைசியில் எதுவும் ஒத்துவரவில்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டும். அதோடு அடைத்த மாதத்தை யாராவது ஒரு பழைய துண்டோடு வந்து மறுபடி திறக்க வைப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் ஆளைச் சொன்னால் போதாது, விளையையும் சொல்ல வேண்டும். விளை என்றால் அவரவர் தோட்டம். எங்கள் பேரேட்டில் மட்டும் பதினாலு ஆபேல் உண்டு. என் வீட்டுக்காரரும் ஒரு ஆபேல்தான், பாறவிளை ஆபேல். அரை ஏக்கர் மரம் சொந்தம். மற்றபடி அடுத்தவர் மரங்களைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் பால் வெட்டுவார். நான் மாசம் அடைக்கிற ஒன்பது நாளும் அவர் அருமனைப் பக்கம் போய்த் தங்கிப் பாட்ட மரங்களைப் பார்த்து வருவார். நீ நேரம் வைகி வரும் நாளில் நான் மட்டும் வீட்டில் இருந்து என்ன செய்ய என்பார். வேலைக்குப் போகிற பெண்ணைப் புரிந்துகொண்ட மனுஷன் என்று சபையில் நாலு பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

2011 தொடக்கத்தில் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. நாகர்கோவில் வடசேரியில் சின்ன ஆபீஸ் வைத்திருந்த ஜெனோவைக் கூட்டிவந்து, சாப்ட்வேரை அடியோடு மாற்றிச் செய்யச் சொன்னார். ஜெனோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் வந்தால் மெஷினைப் பார்ப்பார்கள். இவன் வந்து ஒரு மாதம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் இது எதுக்கு, இதை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் ஒன்பது நாளில் ஆறு நாள் நான் ஆளைத் தேடுகிறேனே தவிரக் கணக்குப் பார்க்கவில்லை என்று அவன் கண்டுபிடித்துச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டேன்.

அவன் செய்தது இதுதான். இனி தராசிலேயே ஒவ்வொருவரிடமும் போன் நம்பர் கேட்டு எழுத வேண்டும். மாதம் அடைந்ததும் அந்த நம்பருக்கு எடையும் தொகையும் மெசேஜாகப் போகும். ஒரே நம்பரில் இரண்டு கணக்கு இருந்தால் சாப்ட்வேர் அதை எடுத்துக் காட்டி ஒரு கேள்வி கேட்கும்: ‘இந்த இரண்டும் ஒரே ஆளா?’ ஆம் என்றால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, வரவில் பற்று தானாகக் கழிந்துவிடும். இல்லை என்றால் ஒன்றுக்கு வேறு நம்பர் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் மாதம் அடையாது. அடைத்த மாதத்தைப் பிறகு யாராலும், முதலாளியாலும் திறக்க முடியாது. அந்தக் கடைசிப் பூட்டைப் போடச் சொன்னது நான்.

ஏப்ரல் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, புதிய முறையில் முதல் அடைப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். முப்பத்தொரு ஜோடி வந்தது. டைட்டஸ் வாத்தியாரை ஒரே சொடுக்கில் ஒரு மனுஷனாக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ததேயுஸ் என்று ஒருவர் அண்ணன் தம்பி இரண்டு பேர் கணக்குக்கும் தன் நம்பரையே கொடுத்திருந்தார், தம்பியின் நம்பரைக் கேட்டு வாங்கிப் போட்டேன். இப்படியே போய் இருபத்தேழாவது வந்தது.

பாறவிளை ஆபேல். மணலிவிளை ஆபேல். இந்த இரண்டும் ஒரே ஆளா?

பாறவிளைக் கணக்கில் நம்பர் எழுதினது நான். என் வீட்டுக்காரர் நம்பர் எனக்கு மனப்பாடம். அதே பத்து எண்ணும் மணலிவிளைக்கு நேராகவும் இருந்தது. தராசில் நிற்கும் பிரபின் வரி மாற்றி எழுதியிருப்பான் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை அக்கா, அந்த அக்கா தன் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டு எழுதினேன் என்றான்.

அந்த அக்கா என்று அவன் சொன்னது பூங்கனியை. எனக்கு அவளை மூன்று வருடமாகத் தெரியும். அருமனையிலிருந்து பஸ்ஸில் ஷீட்டுக் கட்டோடு வருவாள். மாதக் கடைசியில் வந்து பணம் வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். மணலிவிளை ஆபேலின் பெண்டாட்டி என்றுதான் எனக்கு அவளைத் தெரியும். வீட்டுக்காரர் பெயரில் கணக்கு வைத்துப் பெண்கள் வந்து வாங்குவது எங்கள் கடையில் வழக்கம்தான். ஒன்பது வயதான ஒரு பெண் பிள்ளை அவளுக்கு இருந்தது. என் மகள் ஜாஸ்மி நர்சிங் படிக்கப் போனபோது அவளுடைய பழைய ஸ்கூல் பையையும் இரண்டு பாவாடையையும் அந்தப் பிள்ளைக்கு நான்தான் கொடுத்தனுப்பினேன்.

திரையில் இரண்டு கணக்கின் மீதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. பாறவிளைக்குப் பதினெட்டாயிரம் பற்று. ஜாஸ்மியின் பீஸுக்கு முதலாளியிடம் வாங்கின முன்பணம். இந்த வருஷம் பாட்டம் ஒன்றும் சரியில்லை, கையில் காசு இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் வாங்கினேன். மணலிவிளைக்கு ஐம்பத்துநாலு கிலோ, பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது வரவு. ஆம் என்று அமுக்கினால் இந்த வரவு அந்தப் பற்றில் கழிந்துவிடும். பூங்கனிக்கு ஒரு பைசா கிடைக்காது. சாப்ட்வேரைப் பொறுத்தவரை அதுதான் சரியான கணக்கு.

ஜெனோ எட்டிப் பார்த்து, “ரெண்டு ஆபேலா அக்கா? யாருண்ணு தெரியுமா?” என்றான்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று மணிக்குப் பூங்கனி வந்தாள். பிள்ளையையும் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை ஜாஸ்மியின் பையைத் தோளில் மாட்டியிருந்தது. அதன் நெற்றியை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் யாருடைய நெற்றி என்று பார்த்தேன். புதிதாக நம்பர் எல்லாம் சரிபார்க்கிறோம் என்று சொல்லி, நீ கொடுத்த நம்பர் யாருடையது என்று அவளிடம் கேட்டேன்.

“அவியளுக்கதுதான் அக்கா. எனக்கு போன் இல்ல.”

உன் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன்.

“மரம் பாட்டத்துக்கு எடுப்பாவ. வேலை எல்லாம் தூரத்துல. மாசம் பிறந்தா எட்டொம்பது நாளு எங்க கூட நிப்பாவ. பின்ன போயிருவாவ.”

அருமனையிலேயே நாலு கடை இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் வந்து இங்கே போடுகிறாய், அவர் போடச் சொன்னாரா என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“அவியளுக்குத் தெரியாது. நானாத்தான் கொண்டு வாறேன். மார்த்தாண்டத்துல இந்தக் கடையில தராசு நேரா இருக்குமுண்ணு அவிய ஒருக்கா வாய்தவறிச் சொன்னாவ. அத மனசுல வச்சுக்கிட்டேன்.”

எங்கள் தராசு நேரானது என்று வீட்டில் சோறு போடும்போதெல்லாம் பெருமையடித்தவள் நான்தான்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. தொட்டால் அது என்னுடையது என்று தெரிகிறது, ஆனால் ஒன்றும் உறைக்கவில்லை. ஆம் என்று போட்டு, உன் பணம் கழிந்துவிட்டது, போய் உன் அவியளிடம் கேள் என்று சொல்லலாம். சட்டப்படியும் கணக்குப்படியும் எனக்கு அதற்கு உரிமை இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று நினைத்திருப்பாள். பிள்ளை கவுண்டரில் கிடந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் கையில் குத்திப் பார்த்தது. நீலத்தில் ‘பணம் கொடுக்கப்பட்டது’ என்று விழுந்தது.

நான் ‘இல்லை’ என்பதை அமுக்கினேன்.

அடுத்து வேறு நம்பர் கேட்டது. எந்தக் கணக்கின் நம்பரை மாற்ற வேண்டும் என்று இரண்டு பெயரையும் காட்டியது. பூங்கனிக்குப் போன் இல்லை. பாறவிளை ஆபேலுக்கு நேராக இருந்த என் வீட்டுக்காரர் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழித்தேன். அந்த இடத்தில் என் நம்பரை எழுதினேன். அவருடையது மணலிவிளையிலேயே இருந்தது. சாப்ட்வேர் சரி என்று சொல்லி இருபத்தெட்டாவது ஜோடிக்குப் போனது.

பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாயை இரண்டு தடவை எண்ணிப் பூங்கனியிடம் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்தாள். வழக்கம்போல நான் அவளைப் பஸ் ஏற அனுப்பினேன், பிள்ளைக்கு டீக்கடையில் ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். அதில் அன்பும் இல்லை, நடிப்பும் இல்லை. மூன்று வருடமாக எப்போதும் சொல்கிறது, வாய் சொல்லிவிட்டது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு மாசம் அடைந்தது. ஜெனோ கைதட்டினான். முதலாளி திரையைப் பார்த்துவிட்டு நம்பாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்பது நாள் வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்ததே, இனி நேசபாய் மாதம் பூராவும் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிழை இல்லாத நாளில் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கைப்பையில் போன் ஒரு தடவை முனகியது. பாறவிளை ஆபேல், பற்று பதினெட்டாயிரம். அந்த நேரத்துக்கு மணலிவிளைக் கணக்கோடு இன்னொரு போனும் எங்கேயோ முனகியிருக்கும்.

ஐந்து மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். பதினெட்டு வருடத்தில் என்னைக் கூட்டிப்போகக்கூட அவர் கடைக்குள் வந்ததில்லை, ரோட்டில் நின்று ஹாரன் அடிப்பார். ஷீட்டு போட வந்தவர்கள் இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் கவுண்டரில் கையை வைத்தார். கையில் போன் இருந்தது.

“நமக்க கணக்கு என்னாச்சு நேசம்?”

“எந்த விளை?” என்று கேட்டேன்.

அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ரெண்டும் ஒரே ஆளுதானே” என்றார்.

“கம்ப்யூட்டரும் அதத்தான் கேட்டுது. இல்லண்ணு எழுதிப்போட்டேன்.”

“அத மாத்த ஒக்காதா?”

“மாசம் அடச்சாச்சு.”

பிரபின் பக்கவாட்டு ஷட்டரை இழுத்து இறக்கினான். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் பார்த்த முகம், சரி பார்க்க எதுவும் இல்லாத பக்கம் மாதிரி இருந்தது. வண்டியில் ஏறு, வீட்டில் போய்ப் பேசலாம் என்றார்.

“நாளைக்கு ஒண்ணாந்தேதி. நீங்க அங்க போங்க. அந்தப் பிள்ள பாத்திட்டிருக்கும்.”

நான் பேரேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பியபோது கவுண்டரில் அவர் இல்லை. வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் பார்க்கவில்லை.