ஏழாம் பாகைக்குத் தெற்கே

கினிகத்தேனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுதர்சினி கைபேசி வரைபடத்தில் தான் நிற்கும் அகலக்கோட்டைப் பார்த்தாள். ஆறு பாகை, ஐம்பத்தொன்பது கலை. ஏழாம் பாகையைத் தாண்டித் தெற்கே வந்தாயிற்று. பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டே வந்திருந்தாள்.

வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றின் பக்கத்தில் வானம் நன்றாகத் தெரிந்தது. பால் விடாத பிளேன்டீ ஒன்று சொல்லிவிட்டு, பையிலிருந்த அலுமினியக் குச்சிகளைப் பூட்டி அன்டெனாவாக்கினாள். கடைக்காரி ஞானேஸ்வரி கிளாஸைக் கழுவியபடியே பார்த்தாள்.

"டிவிக்கா தங்கச்சி?"

"இல்லக்கா. செட்டலைட்ல பேசுறதுக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நாம பேசுறத வாங்கித் திருப்பி விடும். இந்தியாவுல இருக்கவங்க கேப்பாங்க."

"அதுக்குத்தான் போன் இருக்கே! கம்பிய தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வரணுமா?"

சுதர்சினிக்கு முப்பத்தொன்பது வயது. பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை. குண்டசாலையில் தனியாக ஓர் அறை. பொழுதுபோக்காக வானொலியில் பேச உரிமம் எடுத்து ஒரு வருடமாகிறது. அவளிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஐந்து வாட் செட். செட்டலைட், அதாவது செய்மதி, தலைக்கு மேல் கடக்கப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் போகும். பெரிய செட் வைத்திருப்பவர்கள் வாய் திறந்தால் அவள் குரல் அடியில் போய்விடும்.

ஆரம்பத்தில் அப்படி இருக்கவில்லை. வானொலிக்காரர்கள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, எத்தனை கட்டங்களோடு பேசினோம் என்று எண்ணுகிறவர்கள். கண்டி இருக்கும் கட்டத்திலிருந்து அப்போது வேறு யாரும் பேசவில்லை. அதனால் முதல் மாதம் எல்லோரும் அவளையே கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அந்தக் கட்டம் கிடைத்த பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஒருவரைத் தவிர. தேனியிலிருந்து பேசும் அழகமுத்து. ஞாயிறுதோறும் நெரிசலுக்குள் அவள் குரலைப் பொறுக்கியெடுத்து, "கண்டி அம்மா வந்திருக்காங்க, கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்பார். பிறகு, "சாப்டீங்களா?" "சாப்பிட்டேன் ஐயா." அவ்வளவுதான். ஏழு மாதம் அது நடந்தது. கடைசித் தடவை விடாமல் இருமினார். பிறகு ஐந்து வாரம் சத்தமே இல்லை. இணையத்தில் அவருடைய விலாசம் இருந்தது. ஆனால் எழுதிக் கேட்க, தான் அவருக்கு என்ன உறவு என்று அவளுக்குத் தெரியவில்லை.

மற்றவர்களிடம் விசாரிக்கலாம் என்றால் அவள் கேள்வி முடிவதற்குள் இன்னொருவர் குரல் அதன்மேல் ஏறி மிதித்துவிடும். புதுக் கட்டத்திலிருந்து பேசுபவளுக்குத்தான் எல்லோரும் வழி விடுவார்கள். ஏழாம் பாகையைத் தாண்டினால் அப்படியொரு புதுக் கட்டம். அதற்காகவே நாளையும் நேரத்தையும் முன்கூட்டி அறிவித்துவிட்டு வந்திருந்தாள்.

நான்கு பன்னிரண்டுக்குச் செய்மதி எழுந்தது. அவள் உரிமத்தில் உள்ள தன் அழைப்புக்குறியையும் கட்டத்தையும் சொல்லி முடிப்பதற்குள் பெங்களூர், கொல்கத்தா, மஸ்கட் என்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நான்கு பேருக்குப் பதில் கொடுத்தாள். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: தேனி அழகமுத்துவை யாராவது அண்மையில் கேட்டீர்களா? சுகமாக இருக்கிறாரா?

யாரோ எரிச்சலோடு, "அழைப்புக்குறி மட்டும், தயவுசெய்து" என்றார். அவள் இன்னொரு முறை கேட்டாள்.

"அட, நான்தாம்மா! அழகமுத்து!" குரல் கணீரென்று வந்தது. "எனக்கென்ன, நல்லா இருக்கேன். இப்ப புதுசா ஒரு செட்டலைட் ஓடுதுல்ல, எல்லாரும் அங்கதான். உங்க சின்ன செட்டுக்கு அது எட்டாது. இந்தப் பக்கம் புதுக் கட்டம் வருதுன்னு சொன்னாங்க, ஓடியாந்தேன். எழுதிக்கிட்டேன், ரொம்ப நன்றி!"

"இருமல் எப்பிடி ஐயா?"

"எந்த இருமல்? ஆங்… அம்மா, மாத்தறைப் பக்கம் இன்னொரு கட்டம் இருக்கு, தெரியுமா? கரையோரம் துளியூண்டு நெலம். இதுவரைக்கும் எனக்குக் கெடைக்கல. அங்க போனா சொல்லுங்க, கட்டாயம் வர்றேன்."

அதற்குள் மஸ்கட் குறுக்கே வந்தது. மீதி நேரத்தில் காத்திருந்த ஒன்பது பேருக்கும் கட்டத்தைக் கொடுத்தாள். ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். செய்மதி மலைக்குப் பின்னால் இறங்கியதும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

"ஆள் கெடைச்சிட்டாரா?" என்றாள் ஞானேஸ்வரி.

"கெடைச்சாருக்கா. நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப ஏன் மொகம் இப்பிடி? சீக்கா இருந்தாத்தான் ஒனக்கு சந்தோசமா?"

சுதர்சினி சிரித்தாள். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாவலப்பிட்டி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பளையில் பஸ் ஆட்களை ஏற்ற நின்றபோது, பக்கத்திலிருந்த பெண்ணிடம், கண்டியிலிருந்து மாத்தறைக்கு நேரே பஸ் இருக்கிறதா என்று கேட்டாள்.