வேலாயி உருவிய கிளைகள்

வேலாயி வந்த வருசம் கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில் கோப்பி அப்படிக் காய்த்திருந்தது. ஆள் போதாமல் கணபதி கங்காணி ராமநாதபுரம் பக்கம் போய் நாற்பது பேரைக் கூட்டி வந்தான். அதில் வேலாயியும் அவள் புருசன் மூக்கையாவும் இருந்தார்கள். காட்டுவழி நடந்து வந்ததில் மூக்கையாவுக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் பேர் உள்ள குடும்பத்துக்குத்தான் லயத்தில் இடம். வேலாயியின் கையை நம்பித்தான் அவன் அங்கே கிடந்தான்.

பறிக்க அவளுக்குக் கிடைத்தது என் பக்கத்து மர நிரை. முதல் நாளே பார்த்துவிட்டேன். கிளையைக் கைக்குள் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பழம், காய், இலை, அடுத்த வருசத்து மொட்டு எல்லாம் கூடைக்குள் போயிற்று. ஊரில் கம்பங்கதிர் உருவிப் பழகிய கை. கோப்பியில் பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. புருசன் அப்படிக் கிடக்கையில் அவளிடம் குறை சொல்ல மனசு வரவில்லை. கூடை சுமந்து என் முதுகும் அப்போது முதுகாக இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

"எங்க கூடையில அடிகூட மறையல, இவ நெறச்சிட்டாளே," என்று அடுத்த நிரையில் பறிக்கும் சுப்பம்மா கேலி பேசுவாள்.

"ஒங்க வாயி ஓடுற ஓட்டத்துக்கு என் கையி ஓடுது மதினி," என்பாள் வேலாயி.

நிரை முடிகிற இடத்தில் தண்ணீர் குடிக்க நானும் வேலாயியும் நிற்போம். மூக்கையாவுக்குக் கஞ்சி இறங்கியதா இல்லையா என்று சொல்வாள். அப்போது சொல்லியிருக்கலாம். மழைக்குப் பலா மரத்தடியில் ஒதுங்கிய அன்று அவளே கேட்டாள்.

"நான் சரியாத்தானே பறிக்கிறேன், சடையண்ணே?"

"போகப் போகப் பழகிரும்," என்றேன்.

அதற்குப் பதில் வேறொன்று செய்தேன். சாயங்காலம் கங்காணி வருமுன் அவள் கூடையிலிருந்து பச்சைக்காயை அள்ளிச் சருகுக்குள் மறைத்துவிட்டு, என் பழத்தை மேலே போட்டு வைப்பேன். அதை உதவி என்று நினைத்தேன்.

மரத்துப் பக்கம் வராத கங்காணி அந்தக் கூடையை மட்டும் பார்த்துப் பார்த்து ஒருநாள் சொன்னான்: "நல்ல பழம், வேகமான கை. நாளையிலருந்து நீ ரோட்டோர மலைக்குப் போ."

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தினமும் குதிரையில் வரும் பாதை அது. அங்கே நான் இல்லை. துரை வந்து பார்த்தபோது முப்பது மரம் மொட்டையாக நின்றதாம். தன் தலை தப்ப வேண்டுமே என்று கங்காணி, "வேணும்னே செஞ்சிருக்கா தொரை," என்று சொல்லிவிட்டான். அங்கேயே பேரேட்டிலிருந்து அவள் பேரை வெட்டினார்கள்.

நான் கங்காணியிடம் போனேன். "அதுக்குத் தெரியாதுங்க. நான் மொத நாளே பாத்தேன். நான்தான் சொல்லல."

"அப்ப ஒன் பேரயும் வெட்டச் சொல்லவா?"

நான் கூடையை எடுத்துக்கொண்டு என் நிரைக்குத் திரும்பினேன்.

மறுநாள் விடிந்ததும் மூக்கையாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் இறங்கினாள். மூட்டையை நான் தூக்கிக்கொண்டு திருப்பம்வரை போனேன். கீழே கண்டி வாவி பனிக்குள் கிடந்தது. கடைசிக் கோப்பி மரத்தருகே அவனை உட்கார வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா, தாயி."

"எப்படித்தான் பறிக்கணும்?"

காட்டினேன். கிளையை இடது கையில் தாங்கி, சிவந்ததை மட்டும் இரண்டு விரலால் திருகி. அவள் ஒன்று எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதில் என்னைவிட நன்றாக எடுத்தாள். பக்கத்திலிருந்த மொட்டு அசையக்கூட இல்லை.

"இவ்வளவுதானா," என்றாள்.

கையிலிருந்த பழங்களை என் கையில் வைத்துவிட்டு மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

நாலாம் நாள் வண்டிக்காரன் ஒருவன் வந்து சொன்னான், மூக்கையா கட்டுகஸ்தோட்டை ஆற்றைத் தாண்டவில்லை, இக்கரையிலேயே உயிர் போய்விட்டது என்று. கூட வந்த பொம்பளை எங்கே போனாள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.