ஆஸ்டினுக்குப் போட்ட நாமம்

பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி நான் நன்றாகப் பேசுவேன். 1957-ல் மல்லேஸ்வரம் வாசகசாலை ஆண்டு விழாவில் நான் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதைக் கேட்டவர்களில் சிலர் இன்னும் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள். "பெண்ணின் கையில் சாவியைக் கொடுங்கள்!" என்று மேஜையைத் தட்டி முடித்தேன். வீட்டுச் சாவி, பீரோச் சாவி, அறிவின் சாவி எல்லாம் அதில் அடக்கம். என் காரின் சாவி மட்டும் அடக்கமில்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.

கார் என்றால் ஆஸ்டின், யுத்தத்துக்கு முந்தியது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விற்றதை ஒரு டாக்டர் வாங்கினார். டாக்டர் விற்றதை நான் வாங்கினேன். நிறம் கறுப்பு என்று அதன் ரிஜிஸ்ட்ரேஷன் புத்தகத்தில் எழுதியிருந்தது. நேரில் பார்த்தால் கூரை முழுக்கப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, துரு தெரிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அதை வெளியே எடுத்து, சாங்கி ஏரிவரை போய்த் திரும்புவேன். சர்க்கார் உத்தியோகத்துக்கு நான் போனதும் வந்ததும் பஸ்ஸில்தான். ஆபீஸ் வாசலில் வெயிலில் நிறுத்தினால் கார் கெட்டுவிடுமே!

மறு வருஷம் என் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு வேலை கிடைத்தது. அவள் பி.ஏ., பி.டி.; கணக்குப் பாடம். கல்யாணமானதிலிருந்து மனுப் போட்டு மனுப் போட்டு அலுத்துப்போயிருந்தவளுக்கு, ஜாலஹள்ளிப் பக்கம் புதிதாகத் திறந்த பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. தசரா விடுமுறை முடிந்து திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்தபடி இருப்பவருக்குப் போய்விடும். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸோ தொழிற்சாலை ஷிஃப்டுக்காக விடியுமுன் ஒன்று, அப்புறம் மத்தியானம்தான். வீட்டில் ஒரு கார் வாரம் முழுக்கச் சும்மா நிற்கிறது. அவளுக்கு லைசென்ஸும் இருந்தது. மைசூரில் அவள் அப்பாவின் காரில் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள். நான் எத்தனையாவது தடவை பாஸ் செய்தேன் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை.

"நானே ஓட்டிண்டு போறேன்னா," என்றாள்.

"தாராளமாப் போ. ஆனா இந்தக் கோலத்துலயா? டீச்சரோட கார்னு பொண்களெல்லாம் சிரிக்கும். ஒரு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடறேன்," என்றேன்.

உள்ளுக்குள் வேறு கவலை. எங்கள் வாசல் கேட்டின் இரண்டு கல்தூண்களுக்கும் நடுவே ஆஸ்டின் நுழைவதென்றால் ஊசிக்குள் நூல் கோப்பது போலத்தான். நானே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுப்பேன். இவள் எடுத்தால் தூணும் போச்சு, காரும் போச்சு. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசகசாலையில் பேசிய வாயாயிற்றே. பெயிண்ட் என்றால் நாளாகும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன்.

ஊருக்குள் ஒரு நல்ல ஷாப்பில் விலை கேட்டேன். பழைய பெயிண்டைச் சுரண்டி, மேடுபள்ளத்துக்குப் பட்டி வைத்து, ஸ்ப்ரேயில் நாலைந்து கோட் அடித்து, பாலிஷ் போட்டுத் தருவார்களாம். சொன்ன தொகைக்கு டாக்டரிடம் இன்னொரு கார் வாங்கியிருக்கலாம். எங்கள் ஆபீஸ் பியூன் ரங்கா, தொம்மலூரில் முனிகிருஷ்ணன் என்று ஒருத்தர் சல்லிசாக அடிப்பார் என்றான். மல்லேஸ்வரத்திலிருந்து தொம்மலூருக்கு ஊரையே குறுக்கே கடந்து போக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அந்தப் பழமொழி அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

முனிகிருஷ்ணனின் ஷெட் கேழ்வரகு வயலை ஒட்டி இருந்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்.

"ஸ்ப்ரேவா சார், பிரஷ்ஷா?"

"என்ன வித்தியாசம்?"

"ஸ்ப்ரேன்னா மிஷினு வாடகைக்கு எடுக்கணும். ரேட்டு டபுள் ஆவும். பிரஷ்னா நம்ம கை இருக்குது. கையால அடிச்சா பெயிண்டு கனமா நிக்கும் சார், எருமத் தோலாட்டம்."

"பிரஷ்ஷே போதும்."

"பழசப் பூரா சொரண்டிட்டுப் பட்டி பாக்கறதுன்னா ஒரு ரேட்டு. மேலாக்கா உப்புத்தாள் போட்டுட்டு அடிக்கறதுன்னா ஒரு ரேட்டு."

"மேலாக."

"பெயிண்டு? காருக்கு அடிக்கறதும் இருக்குது, கேட்டு, ஜன்னலுக்கு அடிக்கறதும் இருக்குது."

"கேட்டும் வெயில்லதானேப்பா நிக்கறது?" என்றேன்.

முனிகிருஷ்ணன் என்னை மரியாதையாகப் பார்த்தார். அத்தனை மலிவாக யோசிக்கத் தெரிந்த ஆளை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். பாட்டில் பச்சை நிறத்தில் முடிவாயிற்று.

ஐப்பசித் தூறல் பிடித்துக்கொண்டது. நாலு நாளில் தருகிறேன் என்றவர் இழுத்துக்கொண்டே போனார். ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறித் தொம்மலூர் போய், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பெயிண்ட் காய்வதைப் பார்த்துவிட்டு வருவேன். கடைசியில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார். அந்தி வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்த்தால் கார் ராஜா மாதிரி இருந்தது. கிட்டே போனால் பிரஷ் போன தடமெல்லாம் சீப்பால் வாரியது போலத் தெரிந்தது. கதவில் ஒரு கொசு சிறகை விரித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது?"

"கொசு சார். தானா உதுந்துடும்."

"நன்னாக் காஞ்சுடுத்தா?"

"கல்லு சார், கல்லு!" என்று மட்கார்டில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய விரலைச் சட்டையின் பின்புறத்தில் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஏன் துடைக்கிறாய் என்று கேட்கவில்லை. அவருக்குப் பூஜை இனாம் வேண்டும், எனக்குப் பூஜைக்குக் கார் வேண்டும். இருவரும் சிரித்துக்கொண்டே பிரிந்தோம்.

வீட்டில் ஜெயா காரைச் சுற்றி வந்து பார்த்தாள். "நன்னாத்தான் இருக்கு. திங்கட்கிழமை எடுத்துக்கறேன்."

"புதுப் பெயிண்ட், ஜெயா. தூண்ல உரசிடுத்துன்னா பாழாப் போயிடும். கொஞ்ச நாள் போகட்டுமே."

தப்பான விடையைத் தைரியமாகச் சொன்ன மாணவியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பூஜை. வழக்கமாக ஒரு சந்தனப் பொட்டு, ஒரு குங்குமப் பொட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குப் புதுப் பெயிண்டின் தெம்பு. திருமண்ணைக் குழைத்து, பானெட்டில் ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு முழ உயரத்துக்கு வடகலை நாமம் ஒன்று போட்டேன். நடுவில் ஸ்ரீசூர்ணக் கோடு. மேலே செவந்தி மாலை. தெருவே வந்து பார்த்துச் சுண்டல் வாங்கிக்கொண்டு போயிற்று. பெருமாளே நேரில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விஜயதசமியன்று காலையில் மாலையை எடுத்தேன். நார் மட்டும் கையோடு வந்தது, பூவெல்லாம் காரோடு தங்கிவிட்டது. ஈரத்துணியால் நாமத்தைத் துடைத்தேன், போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், பளபளப்பு ஏறியது. மண்ணெண்ணெய் போட்டதும் சுற்றியிருந்த பச்சை கரைந்து கையில் வந்தது. கீழிருந்த பழைய கறுப்பு கோடாகத் தெரிந்தது. கறுப்புக் கரை கட்டி, நடுவில் வெள்ளை வெளேரென்று, அச்சுப் போட்டாற்போல நாமம் நின்றது.

பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "பெயிண்டர் உமக்கு நாமம் போட்டுட்டான்னு கேள்விப்பட்டேன் ஓய். ஆனா இத்தனை ஸ்பஷ்டமாப் போடுவான்னு நெனைக்கலை!"

போட்டது நான்தான் என்று எப்படிச் சொல்ல? ஊரில் ஏமாந்தவனுக்கெல்லாம் அடுத்தவன்தான் நாமம் போடுவான். தன் கையாலேயே, அதுவும் ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொண்டவன் பெங்களூரில் நான் ஒருத்தன்தான்.

ஜெயா தென்கலைக் குடும்பத்துப் பெண்; அவர்கள் நாமத்துக்குத்தான் பாதம் உண்டு. வந்து பார்த்துவிட்டு, "போட்டதுதான் போட்டேள், கீழே பாதம் வெச்சுப் போட்டிருக்கப்படாதோ? எங்கப்பாவாவது சந்தோஷப்பட்டிருப்பார்," என்றாள்.

சனிக்கிழமை தொம்மலூருக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். மல்லேஸ்வரம் மார்க்கெட் முனையில் ஒரு பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அல்சூரில் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி எனக்கு வழி விட்டு, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடுவதா வேண்டாமா என்று புரியாமல், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பெருமாள் மாதிரியே நேரே பார்த்துக்கொண்டு போனேன்.

முனிகிருஷ்ணன் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"கல்லுன்னு சொன்னயேப்பா!" என்று கத்தினேன்.

"கல்லாத்தான் சார் இருந்துச்சு. சாமி வந்து குந்திக்கிச்சுன்னா நான் இன்னா பண்றது? நாமம் நானா போட்டேன்?"

"சரி, சுரண்டிட்டு மறுபடி அடி."

"ஐயோ, நாமத்த நான் சொரண்ட மாட்டேன் சார், புள்ள குட்டிக்காரன். நீங்க சொரண்டிக் குடுங்க, நான் அடிச்சுத் தரேன். பூரா ரேட்டு ஆவும். ஒரு மாசம் ஆவும்."

நான் மட்டும் பெருமாள் நாமத்தைச் சுரண்டுவேனா? தண்டமாகப் பணம் போனதில் எனக்கு வயிறு எரிந்தது வாஸ்தவம். ஆனால் 'ஒரு மாசம்' என்று அவர் சொன்னதும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்ததும் வாஸ்தவம்.

வீடு வந்ததும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். "என்ன பண்றது ஜெயா, மறுபடி அடிச்சாகணும். ஒரு மாசம் ஆகுமாம். பள்ளிக்கூடத்துல சொல்லிப் பாரேன், பொறுத்துக்க மாட்டாளா?"

ஜெயா அடுக்களை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். குரல் உயரவே இல்லை.

"பெயிண்ட் மோசமா இருந்தா, பாக்கறவா சிரிப்பா, எடுக்கப்படாது. நன்னா இருந்தா, கீறல் விழும், எடுக்கப்படாது. கெட்டுப் போனா, மறுபடி அடிக்கணும், எடுக்கப்படாது. என்ன கலர் அடிச்சா நான் ஓட்டலாம்? அதை மட்டும் சொல்லுங்கோ. நானே போய் வாங்கிண்டு வரேன்."

மேஜையைத் தட்டி முக்கால் மணி நேரம் பேசியவன் நான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு மேலே, இத்தனை நாளும் இவள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே என்னைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள் என்று கோபம் வேறு. கோபப்படுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்ததும் அதுவும் அடங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அடுக்களை மேடையில், காபி பில்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். பில்டரை எடுத்துக் காபி கலக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஜெயா கைத்தறிப் புடவையும் தோளில் ஒரு பையுமாக வந்தாள். "நானும் கூட வரட்டுமா? வழியில ஏதாவது..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம். கேட்டை மட்டும் நன்னாத் திறந்து பிடிச்சுக்கோங்கோ," என்றாள்.

பிடித்துக்கொண்டேன். வைத்தீஸ்வரன் சுவருக்கு மேலே தயாராக இருந்தார். கார் உறுமி, ஒரு குலுங்கு குலுங்கி, நகர்ந்தது. "ஸ்டியரிங்கை ஒடி! இந்தப் பக்கம்! இல்லை, அந்தப் பக்கம்!" என்று நான் கத்தினேன். கத்தாமல் இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தூணில் உரசும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. ஒரே வீச்சில் வெளியே போய்விட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நெற்றி நிறைய நாமத்தோடு ஆஸ்டின் தெருவில் போயிற்று. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட்டார். தெருமுனைக்குப் போனதும் ஜெயா ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினாள். இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒரு கை காட்டுகிறாளே! நானும் கேட்டை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, தெரு பார்க்க ஆட்டினேன்.

"ஓய்," என்றார் வைத்தீஸ்வரன், "ரைட்ல திரும்பப் போறேன்னு பின்னாடி வர ஜட்கா வண்டிக்குக் கை காட்டறா."