ஏரியில் ஒரு ஓட்டை

காலிமந்தானில் அந்த வருடக் காற்று, தீவில் இருந்த மஸ்னாவின் வீட்டுக் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய் ஏரியில் போட்டது. மழை தொடங்கிவிட்டது. வீட்டில் மகள் நிறைமாதம். தகர உதவி கேட்டு மஸ்னா படகேறி மாவட்ட அலுவலகத்துக்கு வந்தாள். வரைபடப் பிரிவின் ஹைரானி கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அசில், உங்க வீடு ஏரிக்குள்ள இருக்கே." 'அசில்' என்று அத்தை முறை வைத்துத்தான் சொன்னான், மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"தீவுன்னா ஏரிக்குள்ளதானே தம்பி இருக்கும்?"

"அதில்ல அசில், தண்ணிக்குள்ள காட்டுது. தண்ணிக்கு எப்படிக் கூரை குடுக்கறது? மீன் கூண்டுன்னா சொல்லுங்க, இன்னைக்கே எழுதிடலாம்."

விஷயம் இதுதான். ஏரியை வரைந்த மகராசன் கரையோரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போய், தொடங்கிய புள்ளியிலேயே கோட்டை மூடியிருந்தான். உள்ளே தீவைச் சுற்றி இன்னொரு வளையம் போட்டு, அதை ஏரியிலிருந்து வெட்டி எடுத்திருக்க வேண்டும். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது போலும். ஒரு ஊரே மூழ்கிப்போனது; ஒருவருக்கும் கால்கூட நனையவில்லை.

மஸ்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஹைரானிக்கும் மனசு கேட்கவில்லை. வளையம் போட்டுத் தீவை வெட்டினான். இப்போது அங்கே ஏரியும் இல்லை, நிலமும் இல்லை, வெறும் ஓட்டை. ஓட்டைக்கும் தகரம் தர முடியாது, அதை ஏதாவது ஒரு வகையில் சேர்த்தாக வேண்டும். கிராமம் என்று போட மேலதிகாரிகள் கையெழுத்து வேண்டும். காடு என்று போட யாரும் வேண்டாம்.

"இப்போதைக்குக் காடுன்னு போட்டு வைக்கிறேன் அசில். நிலமாச்சும் ஆயிடும்ல?"

அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது என்று எவன் சொன்னான்? அடுத்த வாரமே வனத்துறைப் படகு வந்து வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டியது. காட்டை ஆக்கிரமித்தவர்கள் காலி செய்ய வேண்டுமாம்.

மஸ்னா அதைப் பிய்த்துக்கொண்டுபோய் ஹைரானியின் மேசையில் வைத்தாள்.

"எங்களைத் தண்ணிக்குள்ளயே போட்டுடு தம்பி. அங்க இருந்தவரைக்கும் யாரும் எந்திரிச்சுப் போன்னு சொல்லல."

அதற்கு எவர் கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஹைரானி அவள் முகத்தைப் பார்க்காமல் வளையத்தை அழித்தான்.

அந்த மாதமே மகளுக்குக் குழந்தை பிறந்தது. அப்போதும் மழை நிற்கவில்லை. மஸ்னா வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு குழந்தையைக் கையில் வாங்கினாள்.