போனிக்குப் போன ராஜாளி

கடத்தூரில் வஹிதாவின் ஃபேன்சி ஸ்டோரில் 'இல்லை' என்ற பேச்சே கிடையாது. கேட்ட கலரில் வளையல் இல்லாவிட்டால், "அடுத்த வாரம் வருதுங்க, அதுவரைக்கும் இதப் போட்டுப் பாருங்க" என்று வேறொன்றை மாட்டிவிட்டு அனுப்புவாள். அதிலும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வருகிற முதல் ஆள் என்றால் அவருக்கு ராஜமரியாதைதான். போனி ஆயிற்றே! முதல் வியாபாரத்தைத் தட்டிக்கழித்தால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முதல் ஆள் ஒரு ஊசி கேட்டாலும் எடுத்துக் கொடுத்து, வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றி, பிஸ்மில்லா சொல்லிக் கல்லாவில் போட்ட பிறகுதான் அவளுக்கு டீ தொண்டையில் இறங்கும்.

அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

ஒரு திங்கட்கிழமை. அவள் ஷட்டரைத் தூக்கி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ஒரு வாலிபன் பைக்கை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் கோதிக்கொண்டு, "அக்கா, போனி ஆயிருச்சுங்களா?" என்று கேட்டான். வஹிதாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் யார் இப்படிக் கேட்கிறார்கள்? ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறை கேட்கிறவர்கள்தான் காலையில் வருகிறார்கள்.

"இல்ல தம்பி, நீங்கதான் மொத ஆளு. என்ன வேணும்?"

அவன் பேனா டப்பாவைப் பார்த்தான், கீசெயினைப் பார்த்தான், கடைசியில் கால்குலேட்டர் பக்கத்தில் கிடந்த ஒரு அட்டையைத் தொட்டான். "இதக் குடுங்க."

அது அவள் மகள் ஆஷிகாவின் விளையாட்டு அட்டை. முந்தின நாள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மினுமினுப்பான அட்டை, அதில் சிறகை விரித்த ஒரு பறவை, கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ். வஹிதாவின் கை ஒரு நொடி தயங்கியது. ஆனால் போனி! இந்தப் பெண்ணிடம்தான் இந்த மாதிரி அட்டை டப்பா டப்பாவாகக் கிடக்கிறதே, ஒன்று போனால் குடியா முழுகிவிடும் என்று நினைத்து, "பத்து ரூபா குடுங்க" என்றாள். அவன் பேரம் பேசாமல் கொடுத்தான். நல்ல பிள்ளையாக இருக்கிறானே என்று ஒரு சாக்லேட்டையும் கொசுறாகக் கொடுத்து அனுப்பினாள்.

சாயங்காலம் தருமபுரியில் காலேஜ் முடிந்து வந்த ஆஷிகா மேசைக்கு அடியில், கல்லாவுக்குப் பின்னால், குப்பைக் கூடையில் எல்லாம் தேடினாள்.

"எதத் தேடற? அந்தக் கழுகு அட்டையா? காலைல போனிக்குப் போச்சு" என்றாள் வஹிதா சந்தோஷமாக.

ஆஷிகா கத்தியிருந்தால் வஹிதாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிரம்பிவிட்டது. "ம்மா, அது கழுகு இல்ல, ராஜாளி. ஒவ்வொரு அட்டையா மாத்தி மாத்தி எத்தன மாசமா சேத்து வாங்குனேன் தெரியுமா? வர்ற ஞாயித்துக்கெழம தருமபுரில போட்டி. ஜெயிச்சா பெங்களூரு. என் ஆட்டமே அத வெச்சுத்தான்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

அதற்கு மேல் என்றால் அம்மாவிடம் பேச்சே இல்லை. "அத்தா, எனக்குச் சாப்பாடு வேணாம்னு சொல்லுங்க" என்பாள், தட்டோடு வஹிதா பக்கத்திலேயே நிற்கும்போது. வஹிதாவின் புருஷன் அப்துல் ஷுக்கூர் பாவம், "அவளுக்கு வேணாமாம்" என்று இங்கே திரும்பிச் சொல்வார். "அப்ப பால் குடிக்கச் சொல்லுங்க" என்று வஹிதா சொல்ல, அதை அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வார். சரக்கு எடுக்கச் சேலம் போகிற நாளில் மட்டும்தான் மனிதருக்கு நிம்மதி.

வஹிதாவுக்கு அது தாங்கவில்லை. காலேஜ் விட்டு வந்தால் பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதில் தொடங்கி, மேடம் கட்டிவந்த புடவை வரைக்கும் கொட்டித் தீர்க்கிற பெண். அந்த வாய் மூடிக்கொண்டதும் வீடே வேறு யாருடையதோ போலாகிவிட்டது. அடுப்படியில் சின்ன வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுது தீர்த்தாள்.

புதன்கிழமை ஆஷிகா போனை அத்தாவிடம் நீட்டினாள். "இவந்தான் வாங்கியிருக்கான். ஸ்டேட்டஸ்ல ராஜாளியப் போட்டுருக்கான் பாருங்க." வஹிதா எட்டிப் பார்த்தாள். அதே ஹெல்மெட், அதே சிரிப்பு. கம்பைநல்லூரில் விதைக்கடை வைத்திருக்கும் மாரியப்பனின் மகன் நவநீதன். இதே ஆட்டத்தில் ஆஷிகாவுக்குப் போட்டிக்காரன்.

வஹிதா உடனே நம்பர் வாங்கிப் போன் போட்டாள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கேட்ட விலை தருவதாகச் சொன்னாள். அவன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். "அக்கா, நான் காசு குடுத்துத்தானுங்க வாங்குனேன். நீங்களே வித்தீங்க. இப்பத் திருப்பிக் கேட்டா எப்படிங்க?"

'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று அவள் தலைக்கு மேலேயே போர்டு தொங்குகிறது. அவளே எழுதி மாட்டியது.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தவள், மகள் எதிரே பாயில் உட்கார்ந்தாள். "அந்த ஆட்டத்த எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

"எதுக்கு?" ஆஷிகாவுக்கு வாய் தவறி நேராகவே வந்துவிட்டது.

"நான் எதத் தொலச்சேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

ஆஷிகா எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தாள்.

ஆட்டம் ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. ஆனால் வஹிதாவுக்கு அது மலையாகத்தான் இருந்தது. ஒவ்வொருவரும் தன் அட்டைக் கட்டைத் தானே சேர்த்துக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு 'கல்' அட்டையைக் கீழே வைக்கலாம். மற்ற அட்டைகளை இறக்க அதனதன் மூலையில் போட்டிருக்கிற அளவுக்குக் கல் வேண்டும்.

"இது மூணு கல்லு கேக்குது. ரெண்டுக்குக் குடுக்காதா?" என்றாள் வஹிதா.

"பேரமெல்லாம் கெடையாது."

"சரி, இன்னைக்கு ரெண்டு வெக்கிறேன், மிச்சம் ஒண்ணு நாளைக்கு."

"ம்மா!"

அந்த ஒரு 'ம்மா'வைக் கேட்டு ஷுக்கூர் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார். செத்துப்போன அட்டைகளை ஓரமாகக் குவிக்கச் சொன்னால் வஹிதா கலர் வாரியாக அடுக்கினாள். "இத இறக்கலாமா?" என்று மகள் கேட்டால், "எறக்கிக்க கண்ணு, உனக்கு இல்லாததா" என்றாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே தோற்றாள். ஆஷிகா முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள், ஆனால் உதட்டோரம் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காவல் அட்டைக்கு வந்தார்கள். காவல் அட்டை நிமிர்ந்து இருந்தால் எதிரியின் அடியைத் தடுக்கும். ஒருமுறை தடுத்துவிட்டால் அதைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். தன் முறை வரும்போதுதான் மறுபடி நிமிர்த்தலாம்.

"இப்ப ராஜாளி" என்றாள் ஆஷிகா. அட்டை இல்லாததால் ஒரு காகிதத்தில் பறவை வரைந்து வெட்டி வைத்திருந்தாள். "எதிராளிகிட்ட காவல் நிக்கலைன்னா, ராஜாளி அவங்க அட்டைல ஒண்ணத் தூக்கிட்டு வந்துரும். அது நமக்குத்தான். ஆனா சும்மா எறக்க முடியாது. மொதல்ல, 'காவல் நிக்குதா?'ன்னு வாயத் தொறந்து கேக்கணும். அவங்க உண்மையச் சொல்லணும். நிக்கலைன்னு சொன்னா அவ்ளோதான், தூக்கிரும்."

"கேட்டுட்டுத் தூக்குமா?"

"ஆமா. கேக்கும்போதே அவனுக்குத் தெரியும், நம்மகிட்ட இல்லைன்னு. நாம வேற வழியில்லாம ஒத்துக்கணும்."

வஹிதாவின் கையில் இருந்த அட்டைகள் மடியில் விழுந்தன. அவள் எங்கோ பார்த்தாள்.

"என்னாச்சு?"

"போனி ஆயிருச்சுங்களான்னு கேட்டான்டி."

"யாரு?"

"அவந்தான், அந்த நவநீதன்! வாசல்லேர்ந்தே மேசைல அட்டையப் பாத்திருப்பான், பைக்க விட்டு எறங்கின உடனே கேட்டான். நான் மரியாதைன்னு நெனச்சேன். அவனும் கடக்காரன் மவன். போனிக்கு யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். என் காவல் நிக்குதான்னு பாத்துட்டுத்தான் கையவெச்சிருக்கான்! நான் வேற சாக்லேட் குடுத்து அனுப்பியிருக்கேன்."

ஆஷிகா வாயைப் பிளந்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். வஹிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, மகள் சிரிக்கிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

"அவங்க கடை காலைல எத்தன மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டாள் சிரிப்பு நின்றதும்.

சனிக்கிழமை காலை அம்மாவும் மகளும் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள். கம்பைநல்லூர் கடைத்தெருவில் மாரியப்பன் ஷட்டரைத் தூக்கும் வரை எதிர் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்கள். அவர் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்தார். உள்ளே எடை மெஷின் பக்கத்து மேசையில் நவநீதன் அடுத்த நாள் போட்டிக்கு அட்டைகளைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தான். மினுமினுவென்று அந்தப் பறவை நடுநாயகமாக இருந்தது.

வஹிதா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினாள். "அண்ணா, போனி ஆயிருச்சுங்களா?"

மாரியப்பன் முகம் மலர்ந்தது. "இல்லம்மா, நீங்கதான் மொத போனி. வாங்க, வாங்க. என்ன வெத வேணும்? தக்காளி இருக்குது, வெண்ட இருக்குது, நாத்துக்கு வேணுமா?"

நவநீதன் நிமிர்ந்தான். வஹிதாவைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் நின்ற ஆஷிகாவைப் பார்த்தான். அவன் கை மேசையை நோக்கிப் பாய்ந்தது. ஆனால் வஹிதாவின் விரல் முந்திக்கொண்டது.

"அந்த ராஜாளியக் குடுங்கண்ணா."

"அது விக்கிறதில்லைங்க!" என்று கத்தினான் நவநீதன்.

மாரியப்பன் ஊதுபத்தியோடு அப்படியே திரும்பினார். "என்னடா சொன்ன? போனிக்கு வந்தவங்கள இல்லைன்னா சொல்ற? காலங்காத்தால கடைல நின்னுக்கிட்டு?"

"அப்பா, அது கடச் சரக்கு இல்லப்பா, என்னோடது..."

"கட மேசைல இருக்குதில்ல? அப்ப கடச் சரக்குதான். ஒரு காயிதத் துண்டுக்கு எதுக்குடா இந்தக் கத்து கத்துற? என்ன வெலைக்கு வாங்குன?"

நவநீதன் ஆஷிகாவைப் பார்த்தான். ஆஷிகா கூரையைப் பார்த்தாள்.

"கேக்கறன்ல?"

"பத்து ரூபா" என்றான் அவன், வாய்க்குள்ளேயே.

"மொத போனில லாபம் பாக்க வேணாம். பத்து ரூபாயே குடும்மா" என்று சொல்லி மாரியப்பன் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். அப்புறம், நல்ல கைராசியாகத் தெரிகிறதே என்று ஒரு கொத்தமல்லி விதைப் பாக்கெட்டைக் கொசுறாகவும் கொடுத்தார்.

படியிறங்கும்போது பின்னால் நவநீதனின் சத்தம் கேட்டது. "அக்கா! காவல் நிக்குதான்னு கேட்டுட்டே அடிச்சிட்டீங்க!" அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆஷிகாவின் வாய் ஓயவில்லை. அந்த வாரத்துப் பாக்கி முழுவதையும் கொட்டினாள். யார் யாரோடு சண்டை, எந்த மேடம் எந்தப் புடவை, எல்லாம். காற்றில் பாதி காதில் விழவில்லை. வஹிதா எல்லாவற்றுக்கும் "ம்... ம்..." என்று சொல்லி, வண்டியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஆஷிகா இரண்டாவதாக வந்தாள். பெங்களூருக்கு இரண்டு பேர் போகலாமாம், அதனால் அதுவே பெரிய ஜெயம். நவநீதன் அரையிறுதியில் தோற்றது ராஜாளியிடம்தான்.

திங்கட்கிழமை காலையில் வஹிதா ஷட்டரைத் தூக்கினாள். வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினால், மேசைக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில், காலேஜ் பையோடு ஆஷிகா நின்றாள். ஒரு பத்து ரூபாய்க் காசை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு பேனா குடுங்கக்கா."

"ஏன்டி, வூட்ல பேனா கொட்டிக் கெடக்குது. பஸ்ஸு போயிரும், போ."

"மொதல்ல குடு. காசக் கண்ல ஒத்து, பிஸ்மில்லா சொல்லு."

வஹிதாவுக்குப் புரியவில்லை. புரியாமலே பேனாவைக் கொடுத்துக் காசைக் கண்ணில் ஒற்றினாள். அதைக் கல்லாவில் போடவும், வாசலில் ஒரு பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிய நவநீதனின் கண் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தது. கால்குலேட்டர் பக்கத்தில் ராஜாளி கிடந்தது. அவன் மறுபடி வருவான் என்று தெரிந்தே ஆஷிகா அதை அங்கே வைத்திருந்தாள்.

"அக்கா," என்றான் சிரித்துக்கொண்டே, "போனி ஆயிருச்சுங்களா?"

வஹிதா மகளைப் பார்த்தாள். ஆஷிகா பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பியவள், போகிற போக்கில் அவனிடம் சொன்னாள்:

"எங்கம்மாவுக்குக் காவல் நிக்குது. தெனமும் நிக்கும்."