அறுபத்திமூன்றாவது படம்

அண்ணனின் கழுத்துப் பொத்தான் மாட்டவில்லை. புதுச் சட்டை, துளை இறுகிக் கிடந்தது. சின்னவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை முயன்றார். எப்படியோ மாட்டிவிட்டு ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்த்தார்.

காலை ஆறரைக்கு உயிர் போயிற்று. இப்போது மணி பதினொன்று. ஆனாலும் முகத்தில் களை போகவில்லை. அந்த மூக்கும் அந்த நெற்றியும் எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் எடுபடும். எழுபத்தாறு வயதில், செத்துக் கிடக்கும் அண்ணனின் மூக்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் தன்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பொறாமை அதற்காகக் குறையவில்லை.

பேசாத பட காலத்திலிருந்து இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தவர்கள். அண்ணன் இயக்குநர், தம்பி கேமரா. ஸ்டூடியோவில் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவர் எடுத்த வேகம் வேறு யாருக்கும் வராது. ஒரே செட்டில் காலையில் ஒரு படம், மத்தியானம் இன்னொரு படம். நடிகர்கள் அதே ஆட்கள்தான், மீசை மட்டும் மாறும். ஒரு தடவை மீசையோடு கதவைத் திறந்த கதாநாயகன் அந்தப் பக்கம் மீசை இல்லாமல் வெளியே வந்துவிட்டான். படம் ஓட ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். “கதவு இடிச்சு விழுந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முன்னறையில் பத்திரிகைக்காரர் ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் செய்தியைக் கொடுக்க வேண்டுமாம். சின்னவரைப் பார்த்ததும் எழுந்தார்.

“மொத்தம் எத்தனை படம் சார்?”

“தொண்ணூத்தெட்டுன்னு சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்கன்னா?”

சின்னவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி சார், நூறுன்னு போட்டுடறேன். ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருந்தா என்ன இப்போ?”

அந்த ஒன்றுதான் சின்னவருக்கு எல்லாம்.

அறுபத்திரண்டு படம் முடிந்திருந்த சமயம், அண்ணன் மஞ்சள் காமாலை வந்து பதினொரு நாள் படுத்துவிட்டார். செட் காத்துக்கொண்டிருந்தது, அண்ணன் பேரைப் போட்டுப் போஸ்டர்கூட ஒட்டியாகிவிட்டது. சின்னவர் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே நடிகர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை ஒரு முழுப் படத்தை எடுத்தார். தபால்காரர் படம். அதில் ஒரு பெண் மேஜையில் பிரிக்காத கடிதத்தை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவுவாள். தோல் அறாமல் சுருள் சுருளாக இறங்கும். ஒரு நிமிடம் முழுக்க அவ்வளவுதான். ஆள் ஓடினால்தான் படம் என்று இருந்த காலத்தில் கொட்டகையே மூச்சுவிடாமல் பார்த்தது.

குணமாகி வந்து பார்த்த அண்ணன், “நல்லா இருக்கு” என்றார். “பேர் விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்டா” என்றார். அந்த அப்புறம் நாற்பத்தைந்து வருடமாக வரவில்லை. பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு காட்சியைத்தான் கேட்பார்கள். “அதுவா? அது தானா வந்ததுப்பா” என்பார் பெரியவர். தானாக வந்ததாம். வரவழைத்தவன் பக்கத்திலேயே மரம்போல நின்றுகொண்டிருப்பான்.

“தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க” என்று அண்ணி கூப்பிட்டாள்.

பின்னறையில் அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து அண்ணனின் நல்ல செருப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. அழுததாகவும் தெரியவில்லை. செருப்பை முந்தானையால் துடைத்தபடி கேட்டாள்.

“பேப்பர்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“தொண்ணூத்தேழுன்னு சொல்லுங்க.”

சின்னவர் கதவைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்குத் தெரியுமா?”

“கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா? பதினொரு நாளும் கஞ்சி காய்ச்சி ஊத்தினவ நான்தானே. படுத்துக்கிட்டே படம் எடுத்தாரா என்ன?”

“இத்தனை வருஷமா நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி.”

“நீங்க கேக்கவே இல்லியே.” அவள் இன்னொரு செருப்பை எடுத்தாள். “உங்க அண்ணனுக்கு உங்க மேல பொறாமை தம்பி. சும்மா இல்ல, வயிறு எரியும். யாராவது அந்தப் படத்தைப் பத்திக் கேட்டுட்டுப் போனா அன்னைக்குச் சோறு இறங்காது. ‘ஒருத்தி உக்காந்து கிழங்கு சீவுறா, அதுல என்ன இருக்குன்னே எனக்குப் புரியல, ஆனா என்னால எடுக்க முடியல’ன்னு பொலம்புவார். அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு படம் எடுத்தாரே, எதுக்குன்னு நினைச்சீங்க?”

முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன், உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று. அந்த மூக்கும் நெற்றியும் தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கின்றன. வாழ்நாளில் யாரும் அவருக்கு இவ்வளவு பெரிய பாராட்டைக் கொடுத்ததில்லை.

பிறகு அந்த முப்பத்தைந்தும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஜன்னலோரம் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே இருந்த ஒருத்தி. கிழிந்த சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே இருந்த ஒருத்தி. வெறும் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்த ஒருத்தி. அடிதடிப் படமோ பேய்ப் படமோ, நடுவில் எங்கேயாவது ஒரு பெண் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருப்பாள். எல்லாவற்றையும் எடுத்தது இவருடைய கேமராதான். “அண்ணனுக்குச் சரக்கு தீந்துபோச்சு” என்று லைட்காரர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். காட்சி முடிந்ததும் பெரியவர் நேராக இவரிடம் வந்து, “எப்படிடா?” என்று கேட்பார். “ஃபோகஸ் சரியா இருக்கு” என்பார் இவர். வேறு எதையோ கேட்கிறார் என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் அந்தப் பதில். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

“அந்த முப்பத்தஞ்சுல ஏதாவது ஒண்ணு நல்லா வந்துச்சா தம்பி?” என்று அண்ணி கேட்டாள்.

சின்னவர் யோசித்தார். தலை வாரிய பெண்ணின் காட்சி நன்றாகத்தான் வந்திருந்தது. தபால்காரர் படத்தின் அளவுக்கு இல்லை. ஆனால் நன்றாக வந்திருந்தது.

“குடுங்க, நான் மாட்டிவிடறேன்” என்று செருப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. நடுக்கூடத்தில் கிடந்த அண்ணனின் காலில் செருப்பை மாட்டிவிட்டு, பத்திரிகைக்காரருக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று காலையிலேயே எடுத்த முடிவில் மாற்றம் இல்லை. அண்ணியே சாட்சி.

“தொண்ணூத்தெட்டு இல்ல. அதுல ஒரு படம்...”

“அதெல்லாம் பெரிய விஷயமே இல்ல சார்” என்றார் பத்திரிகைக்காரர். “தபால்காரர் படம்தான் செய்தியே. அது ஒண்ணு இல்லேன்னா எங்க ஆசிரியர் நாலு வரிகூடக் குடுக்கமாட்டார்.”

“மத்த தொண்ணூத்தேழும்?”

“பேர்கூட யாருக்கும் தெரியாதே சார்.”

சின்னவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் வந்து தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்றிருந்தார்கள். நாற்பத்தைந்து வருடமாக எதற்குக் காத்திருந்தாரோ அது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் படம் இவருக்கு வந்துவிடும். அண்ணனுக்கு நாலு வரிகூட மிஞ்சாது.

“எழுதிக்குங்க” என்றார்.

“என்ன சார்?”

“பேர் யாருக்கும் தெரியாதுன்னீங்களே. ஒண்ணு, ‘இரட்டைப் பூட்டு’. ரெண்டு, ‘கப்பல்காரன் மருமகள்’. மூணு, ‘பொய்க்கால் ராஜா’.”

பத்திரிகைக்காரர் தயங்கிக்கொண்டே பேனாவைத் திறந்தார். சின்னவர் நிறுத்தவில்லை. இருபதைத் தாண்டியபோது வண்டிக்காரர் வந்து, “தூக்கிடலாமா?” என்றார். “இருப்பா, பாதிகூட ஆகல” என்றார் சின்னவர். நாற்பதில் அண்ணி வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மீசை போன படத்தைச் சொல்லும்போது மட்டும் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்.

“அறுபத்திரெண்டு, ‘மூன்றாம் மாடி’.” நிறுத்தினார். அண்ணி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறுபத்திமூணு. தபால்காரர் படம்.”

பத்திரிகைக்காரர் முகம் மலர்ந்து, அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

“அதுக்கு மட்டும் ஏன் கோடு?” என்றார் சின்னவர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “போட்டா எல்லாத்துக்கும் போடுங்க.”

பத்திரிகைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முதல் தாளுக்குத் திரும்பி, ஒவ்வொரு பெயரின் கீழும் கோடு போட ஆரம்பித்தார்.